வேண்டாம் அண்ணன்

அந்தமானின் சிப்பிகாட்டில் யாராவது பழைய ஆல்டோ வாங்கக் கிளம்பினால், அட்வான்ஸ் பணத்துக்கு முன்னால் தயார் பண்ணுவது ஒரு 'வேண்டாம் அண்ணனை'. இவர் மெக்கானிக் இல்லை. மெக்கானிக் காசு கேட்பார். இவருக்கு டீயும் சமோசாவும் போதும்.

வந்ததும் சாவி கேட்க மாட்டார். காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல பானெட்டில் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், "நாம வர்றதுக்கு முந்தியே ஸ்டார்ட் பண்ணி வெச்சுட்டாங்க" என்று காதைக் கடிப்பார். நியாயம்தான். ஆறிய எஞ்சினில்தான் குட்டு உடையும்: நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, வெள்ளைப்புகை விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. அடுத்து பாக்கெட்டிலிருந்து காந்தம். கதவின் அடியில் ஒட்டாமல் நழுவினால் பெயின்டுக்குள் பட்டி. டிக்கி மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னி குழிக்குள் விரலை விட்டு மோந்து பார்ப்பார். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து சேற்றுக்கறை தேடுவார். மாற்றலாகிப் போகிற அதிகாரியின் வண்டி, மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வந்தது என்றால், "2015 டிசம்பர் வெள்ளத்துல இது சென்னையிலயா நின்னுச்சு?" என்று இந்தியில் குறுக்கு விசாரணை. அதிகாரி விசாகப்பட்டினம் என்று சத்தியம் செய்தாலும் அண்ணன் நம்ப மாட்டார்.

கிலோமீட்டர் குறைவு என்றாலும் மசிய மாட்டார். "பக்கத்துல கராச்சர்மாவுக்கும் ஸ்கூலுக்கும் ஓடின வண்டி. எஞ்சின் சூடாகுறதுக்குள்ள வீடு வந்துடும். சைலன்சர் எப்படி உருப்படும்?"

கடைசியில் துருவுக்கு வருவார். அங்கேதான் தீர்ப்பு.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தரை இறங்கி, வயலுக்குள் வந்த கடல் இந்த ஊரை விட்டுத் திரும்பிப் போகவே இல்லை. நெல் விளைந்த இடத்தில் உப்புத்தண்ணீர் ஏறி இறங்குகிறது. வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் வேறு. இங்கே துருவே இல்லாத பழைய கார் கேட்பவர் பஸ்ஸிலேயே போகலாம். எந்த இடத்துத் துரு என்பதுதான் கேள்வி. கதவு ஓரத்தில் இருந்தால் பேரம் பேச ஒரு சாக்கு. முன் சஸ்பென்ஷன் வந்து பொருந்தும் இடத்திலோ, கதவுக்குக் கீழே ஓடும் பட்டையிலோ தட்டியதும் பொலபொலவென்று உதிர்ந்தால், சும்மா கொடுத்தாலும் தொடக்கூடாது.

அண்ணனுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனாலும் "வேண்டாம்" என்பார். "வாங்கு" என்று சொன்ன வண்டி நடுரோட்டில் நின்றால் ஊர் முழுக்க அவர் பேச்சு. "வேண்டாம்" என்ற வண்டி நின்றால் தீர்க்கதரிசி. ஓடினால்? யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

இவ்வளவு மோந்து பார்க்கிறவர் காகிதம் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார். ஆர்.சி.யில் பேங்க் கடன் அப்படியே நிற்கிறதா, வெளிமாநில நம்பருக்கு என்.ஓ.சி. இருக்கிறதா, சேஸிஸ் நம்பர் ஒத்துப்போகிறதா? "அதெல்லாம் ஆபீஸ் விஷயம்ப்பா." துருவை வெட்டி எறிந்து வெல்டிங் வைக்கலாம். அடைக்காத கடனுக்கு எந்த டிங்கர் பட்டி போடுவார்?

போன மாதம் அண்ணன் தன் சொந்த ஆல்டோவை விற்கக் கிளம்பினார். பார்க்க வந்த பையன் கீழே குனிந்து பட்டையைத் தட்டினான். அண்ணன் பதறிப் போய்க் கையைப் பிடித்தார்.

"தட்டாத தம்பி! சிப்பிகாட் வண்டிக்குக் கொஞ்சம் துரு இருந்தாத்தான் ஒரிஜினல்."