சாரல் காலத்துப் படுக்கையறை

குற்றாலத்தில் வீடு விற்கிறவர்கள் ஆனி, ஆடியில்தான் ஆளைக் கூட்டிவருவார்கள். பங்குனியில் ஜன்னலைத் திறந்தால் அருவி விழுந்த இடத்தில் பாறைதான் தெரியும். சாரலிலும் ஒரு சங்கடம்: படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிவிடும். அந்தத் திட்டின் மேல் ஐந்தருவிப் படம் ஒன்றை மாட்டச் சொல்வார் புரோக்கர். கொடியில் தொங்கும் சாரம், பீரோ மேலிருக்கும் சூட்கேஸ், போன வருஷத்து முருகன் காலண்டர் எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடிபோகும். கட்டிலில் வெள்ளை விரிப்பு, ஏழெட்டுத் தலையணை. (அத்தனை தலை அந்த வீட்டில் கிடையாது.) சென்னைக்காரர் சொக்கிப்போவார். மலைவளம் சொல்லி மயக்கும் கலையைத் திரிகூடராசப்பக் கவிராயரின் குறத்தி 18-ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டாளே!

தென்காசிக்காரர் மட்டும் விரிப்பைத் திரும்பியும் பார்க்கமாட்டார். “இது கன்னி மூலைதானே?” என்பார். அடுத்து, “30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டாச்சா?”