படிக்கும் தட்டைக்கும் என்ன வழக்கு?

கேள்வி: வள்ளத்து எஞ்சின் உறுப்பொன்றில் 12 மி.மீ. உயர வித்தியாசத்தில் இரண்டு முகங்கள். கணினி அளவைப்பொறியில் இரண்டுக்கும் சேர்த்தே தட்டைத்தன்மை பார்க்கலாமா?
- வாசகர், எழுவைதீவு

பதில்: அப்படியே பார்த்தால், படிக்கட்டில் பலகை சாத்தியது போல மென்பொருள் சரிந்த தளமொன்றைப் பொருத்தி, நல்ல உறுப்பையே கோணல் என்று சொல்லிவிடும். உயர்ந்த முகத்துப் புள்ளிகளை, தாழ்ந்த முகத்துக்குச் செங்குத்தாக 12 மி.மீ. இறக்குங்கள். பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே தளம். ஆனால் படியின் உயரம் 0.05 மி.மீ. பிசகியிருந்தாலும் அந்தக் குற்றம் தட்டையின் தலையில்தான் விழும். ஐ.எஸ்.ஓ. 1101 சொல்லும் தட்டைத்தன்மை, ஒரு முகம் இரண்டு இணைதளங்களுக்குள் அடங்குவது; சாய்வும் உயரமும் அதற்குப் பொருட்டல்ல. காஸ்கெட் கசியக் கூடாது என்பதே கவலையென்றால் முகம் முகமாக அளவெடுங்கள். நேர்விளிம்புச் சட்டமும் பீலர் கேஜும் போதும். அளவைப்பொறி தேடி ஊர்காவற்றுறைக்குப் படகேற வேண்டாம்.