சிங்கப்பெருமாள் கோவில் வட்டார இரவுப் படங்களில் மங்கல்: ஒரு முன்னாய்வு

குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படங்களில் காணப்படும் மங்கல் மூவகைப்படும்: கை ஆடியது, ஆள் ஆடியது, கேமரா வேறெதையோ பார்த்தது. புதிதாகக் கேமரா வாங்கியோர் ‘இருட்டு’ என்று நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பதுண்டு. அது வகையாகாது. இருட்டு படத்தைக் கலைப்பதில்லை. ஆட்டோ மோடை மிரட்டி ஷட்டரை நெடுநேரம் திறந்துவைக்கச் செய்வதோடு அதன் வேலை முடிந்தது.

இவ்வாய்வுக்குச் சிங்கப்பெருமாள் கோவில் தோதான களம். குடைவரைக் கருவறையில் பாடலாத்ரி நரசிம்மர் மூன்று கண்களோடு வீற்றிருக்கிறார். அர்ச்சகர் நெற்றி நாமத்தை விலக்கித் தீபம் காட்டினால் மூன்றாவது கண் தெரியும். அது ஆய்வு வரம்புக்கு வெளியே. கோவில்களுக்குள் செல்போனைத் தடைசெய்யும்படி 2022 டிசம்பரிலேயே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. ஒற்றைக் கண் கருவிக்கு வீதிப் புறப்பாடு, ஜிஎஸ்டி சாலை டீக்கடை, ரயில் நிலைய நடைமேடை ஆகியவை மீதம்.

கை ஆட்டத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸின் குவியத் தொலைவு எத்தனை மில்லிமீட்டரோ, ஒரு நொடியில் அத்தனையில் ஒரு பங்குக்கு மேல் ஷட்டர் திறந்திருக்கக் கூடாது. ஆரம்பநிலை கேமராக்களின் சிறிய சென்சாருக்கு அதை ஒன்றரையால் பெருக்க வேண்டும், 50 மி.மீ. லென்ஸுக்கு 1/80 வரும். மூச்சை அடக்கும் மரபினர் இதை மறுத்து 1/15-இல் எடுத்துப் பார்க்கிறார்கள். நடைமேடைத் தூணில் சாயும் மரபினருக்கு வெற்றி சற்று அதிகம்.

ஆள் ஆட்டத்தை எந்தத் தூணும் தடுக்காது. பல்லக்கைச் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகள் நொடிக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால், 1/30 நொடியில் பெருமாள் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் முன்னேறிவிடுகிறார். 1/125-இல் எட்டு மில்லிமீட்டர்தான். பல்லக்கின் குலுக்கல் தனி. லென்ஸில் இருக்கும் ஆட்டத் தடுப்பு படம் எடுப்பவரின் கைக்கு மட்டுமே பொறுப்பேற்கும், பல்லக்குக்கு அல்ல. ஆகவே புறப்பாட்டுக்கு 1/125, மேளக்காரர் கைக்கு 1/250. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் உள்ளே வரும் மின்சார ரயில் 1/100 நொடியிலேயே பத்து சென்டிமீட்டர் ஓடிவிடும். அது நின்ற பிறகு எடுப்பதே அறிவுடைமை.

ஷட்டர் விரைந்தால் வெளிச்சம் குறையும். ஈடுகட்ட வழி இரண்டு. முதலாவது அப்பர்ச்சர். கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் விரிந்த நிலையில் எஃப் 3.5 வரை திறக்கும். ஜூம் செய்தால் 5.6-க்குச் சுருங்கிப் பாதி வெளிச்சத்துக்கு மேல் விழுங்கிவிடும். ஜூம் செய்வதைவிட நாலடி முன்னே நடப்பது லாபம். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், 5.6-ஐப் போல் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். ஆனால் ஒன்றரை மீட்டரில் நிற்பவரின் முகத்தில் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் ஆழம்தான் கூர்மையாக விழும். மூக்கைப் பிடித்தால் காது போச்சு.

இரண்டாவது ஐஎஸ்ஓ. இதைக் கண்டு நடுங்குவது ஆரம்பநிலையாளரின் பரவலான நோய். 800-இல் 1/30 கிடைக்கும் இடத்தில் 3200 வைத்தால் 1/125 கிடைக்கும். புள்ளி புள்ளியாகத் தெரியும், உண்மைதான். அதைப் பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். கலைந்த முகத்தை அப்படித் தேற்ற முடியாது. ‘எஸ்’ அல்லது ‘டிவி’ மோடில் ஷட்டரை நாமே வைத்து, ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்சத்தை 6400 ஆக்கிவிட்டால் மீதியைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

டீக்கடையில் தனிச் சிக்கல் ஒன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூப்லைட் நொடிக்கு நூறு முறை துடிக்கும். 1/250 வைத்தால் டீ மாஸ்டர் மேல் கருப்புப் பட்டைகள் விழலாம். 1/100 வைத்தால் விழாது. கேமரா வேறெதையோ பார்க்கும் மூன்றாம் வகை மங்கலும் இங்கேதான்: ஃபோகஸ் அவருடைய கருநீலச் சட்டையில் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலையும். நடுப்புள்ளியைத் தேர்ந்து, அவர் கையிலுள்ள எவர்சில்வர் குவளையின் விளிம்பில் வைத்தால் சட்டென்று நிற்கும்.

கேமராவோடு பிறந்த ஃப்ளாஷ் மூன்று நான்கு மீட்டரைத் தாண்டாது. வீதியில் அதைப் போட்டால் பெருமாள் இருளில் இருப்பார்; முன்னால் நிற்பவர் தூக்கிப் பிடித்த செல்போனின் முதுகு, கவரில் விழுந்த கீறல் உட்பட, மிகக் கூர்மையாகப் பதியும்.

இரவைப் பகலாக்கிக் காட்டும் கெட்ட பழக்கம் ஒளிமானிக்கு உண்டு. எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தால் வானம் கருப்பாகவே இருக்கும், சீரியல் பல்புகள் வெளுக்காமல் நிறத்தோடு நிற்கும், ஐஎஸ்ஓவும் பாதியாக இறங்கும்.