கியர்பாக்ஸ் ஜோசியம்

இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்று ஷோரூமில் சொல்லி விற்கிற கியர்பாக்ஸ் அடிப்படையில் ஒரு ஜோசியர். நாம் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே, "இவன் அடுத்து நாலுக்குத்தான் போவான்" என்று கணித்து, நாலாவது கியரைக் கோத்துத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொரு கிளட்ச். குழாய்போன்ற ஒரு தண்டு, அதற்குள் இன்னொரு தண்டு. கணித்தது பலித்துவிட்டால் ஒரு கிளட்ச் விடும், மற்றது பிடிக்கும், அவ்வளவுதான். ஓட்டுகிறவருக்கும் தெரியாது, பின்சீட்டில் வாயைப் பிளந்து தூங்குகிறவருக்கும் தெரியாது. பலிக்காவிட்டால் கோத்ததைக் கழற்றி, வேறொன்றைக் கோத்து, அவசரமாகப் பிடிக்க வேண்டும். அது வண்டியில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், தூங்கியவர் உட்பட.

இந்த ஜோசியர் படித்ததெல்லாம் ஐரோப்பாவில். அங்கே வலது இண்டிகேட்டர் போட்டவன் வலது பக்கம் திரும்புவான். அவரைக் கொண்டுவந்து நான் கப்பலூர்ச் சாலையில் விட்டிருக்கிறேன்.

கப்பலூர் மதுரைக்குத் தெற்கே, திருமங்கலத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. சிட்கோ தொழிற்பேட்டை, தியாகராசர் மில், டேங்கர் லாரிகள் வரிசைகட்டும் எண்ணெய் டெப்போ எல்லாம் இங்கேதான். உத்தங்குடியில் கிளம்பும் 27 கிலோமீட்டர் சுற்றுச்சாலை வந்து முடிகிற இடமும் இதுதான். ஆனால் தமிழ்நாட்டுக்குக் கப்பலூர் என்றால் சுங்கச்சாவடி. நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளித்தான் சாவடி இருக்க வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டு கட்டண விதிகள் சொல்கின்றன. அதைக் காட்டித் திருமங்கலத்துக்காரர்கள் மறியல் செய்திருக்கிறார்கள், கடையடைத்திருக்கிறார்கள், அமைச்சர்களிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். நான் திருமங்கலத்துக்காரன். ஆகவே மதுரைக்குள் ஒரு கிலோ மல்லிகைப்பூ வாங்கப் போனாலும் எனக்கும் ஜோசியருக்கும் சாவடி தரிசனம் உண்டு.

வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. விற்றவர் நல்ல மனிதர். "சார், கண் இமைக்கிறதுக்குள்ள கியர் மாறிடும்" என்றார். கண் இமைக்கும் நேரத்தில் மாறி நான் எங்கே போகப்போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அக்கம்பக்கத்தில் யாரும் கியரைப் பற்றி விசாரிக்கவே இல்லை. முதல் கேள்வி மைலேஜ். இரண்டாவது கேள்வியை எதிர்வீட்டு மளிகைக்கடை அண்ணன் கேட்டார்: "ஆட்டோமேட்டிக்கா? அப்ப பேட்டரி போனா தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாதே?" முடியாது. இன்ஜின் அணைந்திருந்தால் இரண்டு கிளட்ச்சும் விட்டுப்போய்த்தான் கிடக்கும். ஊரே சேர்ந்து உத்தங்குடி வரைக்கும் தள்ளினாலும் பிடிக்காது. "தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாத வண்டிக்கா இம்புட்டுக் காசு?" என்று அவர் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இரட்டை கிளட்ச்சைக் கண்டுபிடித்தவர் கதை சுவாரஸ்யமானது. அடோல்ஃப் கெக்ரெஸ் என்கிற பிரெஞ்சு இன்ஜினியர், ரஷ்யாவில் ஜார் நிக்கோலஸின் கார் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனியில் கார் புதைகிறது என்று ஜாரின் வண்டிகளுக்குப் பின்சக்கரம் இருந்த இடத்தில் பெல்ட் மாட்டிக் கொடுத்தார். 1917-இல் புரட்சி வந்தது. கெக்ரெஸ் ஊரைப் பார்க்கப் போய்விட்டார். பிறகு அதே பெல்ட் மாட்டிய ரோல்ஸ் ராய்ஸில் லெனின் போனார். ஆட்சி மாறினாலும் வண்டி மாறவில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்காது. அந்த கெக்ரெஸ்தான் 1939-இல் இரட்டை கிளட்ச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். யோசனை சரி, ஆனால் எந்த கியரைக் கோத்து வைப்பது என்று நொடிக்கு நொடி முடிவெடுக்க மூளை வேண்டுமே! அதற்கு உலகப் போர் முடிந்து, கம்ப்யூட்டர் வந்து, 1980-களில் போர்ஷே பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்து, கடைசியில் 2003-இல்தான் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரில் கடைக்கு வந்தது. பத்து வருஷம் கழித்து நம் மறைமலைநகரில் செய்த ஈகோஸ்போர்ட்டிலும், 2019-இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வென்யூவிலும் ஏறியது.

பந்தயத்தில் பழகியது என்பதைக் கவனிக்க வேண்டும். பந்தய மைதானத்தில் எல்லோரும் ஒரே திசையில் போவார்கள். ஒருவரும் நடுவில் நிறுத்தி "பழங்காநத்தம் எப்படிப் போகணும்?" என்று கேட்க மாட்டார்கள்.

நம் ஊரில் நடப்பது இது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன். முன்னால் பத்தடி காலியாகிறது. ஆக்சிலேட்டரில் கால் லேசாக அழுந்துகிறது. ஜோசியர், "ஆகா, கிளம்பிட்டான்" என்று மேல் கியரைக் கோக்கிறார். அந்த நொடியில் ஷேர் ஆட்டோ ஒன்று, எதிர்ச்சாரியில் நிற்கும் ஒருவர் கையைத் தூக்கினார் என்பதற்காக, இந்தச் சாரியின் நடுவில் நிற்கிறது. பிரேக். ஜோசியர் கோத்ததைக் கழற்றிக் கீழ் கியரைக் கோக்கிறார். ஆட்டோ கிளம்புகிறது; நான் கிளம்புகிறேன்; மறுபடி மேலே. ஆட்டோக்காரருக்குச் சில்லறை பாக்கி ஞாபகம் வருகிறது, மறுபடி கீழே. இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் கியர்பாக்ஸ் தவிக்கிற தவிப்பு வண்டி முழுக்க ஒரு சின்ன உலுக்கலாக வருகிறது. "கோளாறா இருக்குமோ?" என்பாள் மனைவி. கோளாறெல்லாம் இல்லை. ஆக்சிலேட்டர், பிரேக், வேகம் மூன்றையும் பார்த்து எதிர்காலத்தைச் சொல்கிற கருவியிடம், கையால் வலது என்று காட்டி, தலையால் இடது பக்கம் பார்த்து, நேராகப் போகிற டூவீலரைப் பற்றிக் கேட்டால் அது என்ன சொல்லும்?

சாவடி வரிசைதான் இதைவிடச் சோதனை. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக்கைக் கட்டாயமாக்கியபோது இனி வரிசையே இருக்காது என்றார்கள். பண்டிகை முடிந்து ஊர் திரும்புகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கட்டும். 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு வருஷ பாஸும் வந்தது, 200 தடவை கடக்கலாம். கிளட்ச் தேய்வதற்கு அப்படி ஒரு பாஸ் யாரும் கொடுக்கவில்லை.

பிரச்சினை சூடு. ஊர்ந்து போகும்போது கிளட்ச் முழுசாகப் பிடிக்காது, முழுசாக விடாது, பாதியில் தேய்ந்துகொண்டே இருக்கும். எண்ணெயில் ஊறுகிற கிளட்ச் என்றால் எண்ணெய் சூட்டை வாங்கிக்கொள்ளும். உலர் கிளட்ச்சுக்குக் காற்றுதான் கதி; சித்திரை மாதத்துக் கப்பலூர்க் காற்றில் அப்பளத்தைக் காட்டினால் பொரியும். இரட்டை கிளட்ச்சால் பெரிய நாடுகளும் பாடு பட்டிருக்கின்றன. 2013-இல் சீனாவில் ஃபோக்ஸ்வேகன் இந்த கியர்பாக்ஸுக்காக 3,80,000-க்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் ஃபோர்டு ஃபியஸ்டாவும் ஃபோகஸும் வாங்கியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பிறகு சிலர் உஷாரானார்கள். டாடா 2022-இல் ஆல்ட்ராஸில் இரட்டை கிளட்ச் வைத்தபோது எண்ணெயில் ஊறுகிற வகையாகவே வைத்தது.

உலர் கிளட்ச் ஆசாமிகளுக்கு விவரம் தெரிந்தவர்கள் சொல்கிற யோசனை ஒன்றுண்டு: வரிசையில் இஞ்ச் இஞ்சாக ஊராதே; பிரேக்கை அழுத்தி நில்; முன்னால் நல்ல இடைவெளி விழுந்ததும் ஒரே மூச்சில் போய் மறுபடி நில். படிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! கப்பலூர் வரிசையில் ஒரு கார் அளவு இடைவெளி விட்டுப் பார்த்தேன். முதலில் ஒரு டூவீலர் நுழைந்தது. அப்புறம் இடதுபக்கமிருந்து ஒரு டாடா ஏஸ் மூக்கை நீட்டியது. மிச்ச இடத்தில் வெள்ளரிக்காய் விற்கிற அம்மா நின்று வியாபாரத்தை ஆரம்பித்தார். பின்னால் இருந்த லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இடைவெளி என்பது இங்கே பொதுச்சொத்து.

ஒருமுறை மீட்டர் பலகையில் எச்சரிக்கையே வந்துவிட்டது: கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்தவும். நிறுத்தினேன். புத்தகம் சொல்கிறபடி 'பி'-யில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நின்ற காரைப் பார்த்தால் மதுரைக்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். "என்னண்ணே, ரிப்பேரா? நீங்க உள்ள உக்காருங்க, நாங்க தள்ளுறோம்." தள்ளக் கூடாது என்றேன். "பரவால்லண்ணே, இதுல என்ன இருக்கு" என்று ஒருவர் கைலியை மடித்துக் கட்டினார். வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, சூடு தணியக் காத்திருக்கிறேன் என்று விளக்கினேன். அவர்கள் வண்டியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். சூடு யாருக்கு என்கிற சந்தேகம் அவர்கள் முகத்தில் தெரிந்தது.

ஜோசியருக்கு இந்தச் சாவடியில் உண்மையான நிம்மதி கிடைத்தது ஒரு மறியல் நாளில்தான். அசைவே இல்லை. யாரும் ஊரவில்லை, யாரும் நுழையவில்லை, எதிர்காலம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. கிளட்ச் இரண்டும் ஜில்லென்று இருந்திருக்கும்.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாண்டியன் ரோட்வேஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். 1911-இல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ்ஸின் பஸ்களை 1972-இல் அரசு எடுத்துக்கொண்டு அமைத்த கழகம் அது. அவர் கற்றுக்கொண்ட பஸ்ஸில் கியர் தானாக இணங்காது. ஒருமுறை கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மறுமுறை மிதித்துக் கியர் போட வேண்டும், கீழ் கியர் என்றால் நடுவில் ஆக்சிலேட்டரையும் ஒரு தட்டு. தப்பினால் பல்சக்கரம் கத்துகிற கத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். என் காரில் இரண்டு கிளட்ச் என்று கேள்விப்பட்டதும் முகம் மலர்ந்தது. உள்ளே குனிந்து மிதிகளை எண்ணினார். பிறகு நிமிர்ந்தார்.

"நாங்க ஒரே கிளட்ச்ச ரெண்டு தடவ மிதிச்சோம். இவிங்க ரெண்டு கிளட்ச்ச வச்சுக்கிட்டு ஒரு தடவகூட மிதிக்க விட மாட்டேங்கிறாய்ங்களேடா!"

சுற்றுச்சாலையில் கூட்டிக்கொண்டு போனேன். ஜோசியருக்கு உகந்த சாலை அது, நினைத்தது நடக்கும். பெரியப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எப்ப மாத்துனான்?" என்றார். மாற்றி முடித்து ஏழில் போகிறது என்றேன். அவருக்கு இது மரியாதைக்குறைவாகப் பட்டது. முப்பது வருஷம் வண்டியின் சத்தத்தை வைத்தே பிழைத்தவரிடம் சொல்லாமல் கியர் மாற்றியிருக்கிறார்கள்.

நகருக்குள் வந்ததும் கதை மாறியது. பெரியார் பஸ் நிலையத்துப் பக்கம், முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ. "அவன் நிக்கப்போறான், கால எடு" என்றார். ஆட்டோவின் பிரேக் விளக்கு எரியவில்லை. எரிகிற நிலையிலும் அது இல்லை. நான் காலை எடுத்தேன். ஜோசியர் மேல் கியர் ஆசையை விட்டுவிட்டார். ஆட்டோ நின்றது. வண்டியில் ஒரு உலுக்கல்கூட இல்லை.

"எப்படித் தெரியும் பெரியப்பா?"

"உள்ள உக்காந்திருக்கிற அம்மா மடியில இருந்த பைய எடுத்துக் கையில மாட்டிருச்சுல்ல."

சிம்மக்கல் வருவதற்குள் ஒரு ஸ்கூட்டர் வலது பக்கம் திரும்பப்போவதைப் பின்சீட்டுப் பெண் துப்பட்டாவை ஒதுக்கியதை வைத்துச் சொன்னார். ஒரு லாரி கிளம்பாது என்பதை, கிளீனர் இன்னும் டீ கிளாஸைத் திருப்பிக் கொடுக்காததை வைத்துச் சொன்னார். எல்லாம் பலித்தது. இந்தத் தகவல்களை எந்த சென்சாரில் கொண்டுபோய்ச் செருகுவது?

திரும்பும்போது, "நான் ஓட்டுறேன்" என்றார். நெம்புகோலை ஓரமாகத் தள்ளினால் பிளஸ், மைனஸ் என்று நாமே கியர் சொல்கிற வசதி உண்டு, காட்டிக்கொடுத்தேன். அதன்பிறகு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கப்பலூர் வரைக்கும், கூட்டத்திலும் மேம்பாலத்திலும், எந்த கியர் எப்போது என்று ஜோசியருக்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். வரிசையில் பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தபோது கண்ணாடியை இறக்கிக் கையை மட்டும் வெளியே நீட்டி ஏதோ ஒரு சைகை காட்டினார். ஹாரன் நின்றுவிட்டது. அந்தச் சைகையை எனக்குக் கற்றுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்.

இப்போது மாதத்துக்கு இரண்டு தடவையாவது வந்து சாவி கேட்கிறார். மனைவிக்கும் அதில் சந்தோஷம்தான், உலுக்கல் இல்லாமல் மதுரை போய் வரலாம். ஒரே ஒரு செலவு. ஒவ்வொரு கியருக்கும் அவருடைய இடதுகால் தரையில் இரண்டு தடவை ஓங்கி மிதிக்கிறது. அந்தப் பக்கத்து மேட் ஓட்டையாகிவிட்டது. டவுன்ஹால் ரோட்டில் ஒற்றை மேட் கேட்டேன், செட்டாகத்தான் தருவார்களாம்.