வால்வு மூட 49 நாள்!

கேள்வி: திராட்சைத் தோட்டச் சொட்டுநீர் வால்வுக்கு அர்டுயினோ நிரல் எழுதுகிறேன். கம்பைலரின் எச்சரிக்கைகளை என் இஷ்டப்படி தமிழில் மாற்றலாமா? (வாசகர், சின்னமனூர்)

பதில்: மாற்றாதீர்கள், உங்கள் சொந்தச் செய்தியைக் கூட்டுங்கள். அர்டுயினோ ஊனோ ஆர்3-இல் 'இன்ட்' 16 பிட், 32,767-ஐத் தாண்டாது. 40 விநாடி காத்திருக்க 'டிலே' கட்டளைக்குள் 40 * 1000 என்று எழுதினால் விடை மைனஸ் 25,536 ஆகிவிடும். டிலேக்கு மைனஸ் தெரியாது. சுமார் 49 நாள் காத்திருக்கும். அதற்குள் கம்பம் பன்னீர் திராட்சை கொடியிலேயே ரசமாகிவிடும்! கம்பைலர் இதைக் கண்டுபிடித்து எச்சரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அர்டுயினோ மென்பொருளின் இயல்பு அமைப்பே எச்சரிக்கைகளின் வாயைப் பொத்தி வைத்திருக்கிறது. முதலில் அதைத் திறந்துவிடுங்கள். 1000-க்குப் பின்னால் 'யுஎல்' சேர்த்தால் இந்த நோய் தீரும்.

அப்புறம் சொந்தச் செய்தி எதற்கு என்கிறீர்களா? உங்கள் தோட்டத்துக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் போதும் என்பது கம்பைலருக்குத் தெரியாதே! நேரத்தை 'டிஃபைன்' செய்து, வரம்பு மீறினால் '#எரர்' வரியில் உங்கள் தமிழிலேயே திட்டு வாங்குங்கள். '#வார்னிங்' போதாது, அந்த இயல்பு அமைப்பு அதையும் விழுங்கிவிடும். தமிழ்ச் செய்தியை இணையத்தில் தேட முடியாது என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் கம்பைலரின் ஆங்கிலம் அப்படியே இருக்கப்போகிறது. தேட அது, திருத்த இது. வைகை அணையில் நீர்மட்டம் 66, 68.5, 69 அடிகளை எட்டும்போது மூன்று முறை எச்சரிக்கிறார்கள். உங்கள் வால்வுக்கு ஒன்றாவது வேண்டாமா?