கழித்தால் கூடும் கணக்கு

ஒரு பள்ளியின் தேர்ச்சி விகிதத்தை உயர்த்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது. இதற்கு ஆசிரியர் வேண்டும், பணம் வேண்டும், பொறுமை வேண்டும்; எல்லாம் இருந்தும் உத்தரவாதம் கிடையாது. இன்னொன்று, தேறமாட்டான் என்று தோன்றுகிற பையனைத் தேர்வு வருவதற்கு முன்பே வேறு எங்காவது அனுப்பிவிடுவது. இதற்கு ஒரு கையெழுத்து போதும். பின்னத்தில் மேலே இருக்கும் எண்ணைக் கூட்ட முடியவில்லையா, கீழே இருக்கும் எண்ணைக் குறை. ஆரம்பப் பள்ளிக் கணக்குதான். அதை ஒரு நிர்வாகக் கலையாகவே வளர்த்து, சட்டம், படிவம், நிதி ஒதுக்கீடு எல்லாம் சேர்த்து நிலைநாட்டிய பெருமை அமெரிக்காவைச் சேரும். நம் ஊர்க்காரர்கள் பொறாமைப்பட வேண்டாம். நம் திறமைக்கும் கீழே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரம். டிஸ்னி வேர்ல்டுக்குப் பக்கத்து ஊர், ஆகவே மாயாஜாலம் அங்கே புதிதல்ல. அங்கே ஒலிம்பியா உயர்நிலைப் பள்ளி என்று ஒரு பெரிய அரசுப் பள்ளி. 2017 வாக்கில் 3,000 பேருக்கு மேல் படித்தார்கள். கல்லூரித் தரத்துப் பாடங்களே இரண்டு டஜனுக்கு மேல். பவுலிங்கிலிருந்து வாட்டர் போலோ வரை விளையாட்டு. பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறியோர் 90 சதவீதத்துக்கு மேல். 1999 முதல் அந்த மாநிலம் பள்ளிகளுக்கே 'ஏ'யிலிருந்து 'எஃப்' வரை மார்க் போடுகிறது. ஒலிம்பியாவுக்கு அப்போது 'ஏ'.

அங்கிருந்து ஐந்து மைல் தள்ளி இன்னொரு பள்ளி, பெயர் சன்ஷைன். ஒரு கடைவீதி வளாகத்தில் இருந்தது. சில கதவுகள் தள்ளிச் சிகரெட் கடை, மதுக்கடை. விளையாட்டு அணி என்ற பேச்சே இல்லை. 455 மாணவர்கள், அவர்களில் 85 சதவீதத்துக்கு மேல் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும். பாடம் எப்படி நடந்தது? நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் கணினி முன்னால் உட்கார வேண்டியிருந்தது. ஆசிரியர் நின்று பாடம் நடத்துவது அநேகமாக இல்லை. இதுதான் 'மாற்றுப் பள்ளி'. பொதுப் பணத்தில் நடந்தது, லாப நோக்குள்ள ஒரு நிறுவனம் நிர்வகித்தது.

புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் 2017 பிப்ரவரியில் இந்த இரண்டு பள்ளிகளுக்கும் நடுவே ஓடும் பாதையைத் தோண்டி எடுத்து எழுதியது. ஒலிம்பியாவில் படித்திருக்க வேண்டிய 137 பேர் அதற்கு முந்தைய கல்வியாண்டில் சன்ஷைனில் இருந்தார்கள். ஒலிம்பியாவின் 'ஏ' பத்திரமாக இருந்ததற்குப் பின்தங்கியவர்கள் போய்விட்டதும் ஒரு காரணம். சன்ஷைனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பொதுப்பணம் வந்தது. நிர்வகிக்கும் நிறுவனத்துக்கோ 'நிர்வாகக் கட்டணம்' ஆண்டுக்கு 15 லட்சம் டாலருக்கு மேல். பாடம் சொல்லித் தருவதற்கு அந்தப் பள்ளி செலவிட்டதைவிட இது அதிகம். இந்தப் பக்கம் கௌரவம், அந்தப் பக்கம் காசு, நடுவில் சில நூறு பிள்ளைகள். இவ்வளவு சுமுகமான ஏற்பாட்டில் யாருக்கு என்ன குறை என்று கேட்டால், அந்தப் பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் இல்லை.

இது ஒரு ஊர்க்காரர்களின் குறும்பு என்று விட்டுவிட முடியாது. கணக்கின் இலக்கணமே இதற்கு இடம் தருகிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கே ஆண்டில் டிப்ளமா, அதாவது பள்ளிப் படிப்பை முடித்த சான்று, வாங்கினார்கள் என்பதுதான் விகிதம். ஒரு மாணவி வேறு பள்ளிக்குப் போய்விட்டால் பழைய பள்ளியின் கணக்கிலிருந்து அவள் பெயர் நீங்கும், புதிய பள்ளியின் கணக்கில் ஏறும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மூன்று ஆண்டு ஒரு பள்ளியில் தோற்று, டிப்ளமாவுக்கு வேண்டிய கிரெடிட்டில் (பாடம் தேறினால் கிடைக்கும் புள்ளி) பாதிகூட இல்லாமல், நான்காம் ஆண்டு மாற்றுப் பள்ளியின் வாசலில் வந்து நிற்பவளை நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு சொல்லிக்கொடுக்காதவர்கள் கணக்கில் கறையே இல்லை. கடைசி ஆண்டு மட்டும் பார்த்தவர்கள் கணக்கில் ஒரு தோல்வி. தன் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் கொட்டிவிட்டு, 'அந்த வீட்டுக்காரிக்குச் சுத்தம் போதாது' என்று தெருவில் நின்று சொல்கிற சாமர்த்தியம் இது. குப்பை என்ற சொல் என்னுடையதல்ல. கொட்டியவர்கள் வாயால் சொல்லவில்லை, செய்கையால் சொன்னார்கள்.

கொட்டியது போதாதென்று தண்டனையும் உண்டு. 2015ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விச் சட்டப்படி, மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது டிப்ளமா வாங்காமல் போகும் எந்த அரசு உயர்நிலைப் பள்ளியும் விரிவான உதவியும் சீர்திருத்தமும் வேண்டிய பள்ளிகளின் பட்டியலில் ஏற வேண்டும். மாற்றுப் பள்ளிக்கு அந்தப் பட்டியலில் இடம் முன்பதிவு ஆன மாதிரிதான். அப்புறம் செய்தித்தாளில் சின்னப் பள்ளியின் 'மோசமான செயல்பாடு' பற்றிக் கட்டுரை வரும். அங்கே ஏழைகள் எத்தனை சதவீதம், எந்த இனம் எத்தனை சதவீதம் என்று வண்ண வண்ண வட்டப்படம் வரும். வட்டப்படத்தைப் பார்த்த புத்திசாலி தலையை ஆட்டிக்கொள்வார்: 'ஓஹோ, இப்படிப்பட்ட பிள்ளைகள், அதனால்தான் இப்படிப்பட்ட மார்க்.' அந்தப் பிள்ளைகள் வானத்திலிருந்தா அந்தக் கடைவீதியில் குதித்தார்கள்? பள்ளி அறிக்கையில் இனத்துக்குக் கட்டம் உண்டு, வீட்டு மொழிக்கு உண்டு, ஏழ்மைக்கு உண்டு, மாற்றுத்திறனுக்கு உண்டு. 'அனுப்பி வைத்தவர் யார்' என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

கலிபோர்னியாவுக்குப் போனால் இந்தக் கலை இன்னும் நுட்பமானது. அங்கே 'தொடர் பள்ளி' என்று ஒரு வகை 1919 முதல் இருக்கிறது. வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பகுதி நேரப் படிப்பாகத் தொடங்கியது. இப்போது கிரெடிட் குறைந்தவர்கள் போகும் இடம். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச வகுப்பு நேரம் வாரத்துக்கு 15 மணி. சாதாரண உயர்நிலைப் பள்ளிக்கோ 20 மணி. ஆக, நன்றாகப் படிக்கிறவனுக்கு நிறைய பள்ளி, பின்தங்கியவனுக்குக் கொஞ்சம் பள்ளி. இதைக் கண்டுபிடித்த மூளைக்கு ஒரு சிலை வைக்கலாம். வைத்தால் அதற்கும் வாரம் 15 மணி நேரம்தான் நிழல் தர வேண்டும்.

மாணவர் தொகையை அங்கே எண்ணுவது அக்டோபர் மாதத்து முதல் புதன்கிழமை. அன்று பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் அந்தக் கணக்கில் நீ ஒரு ஆள். மாற்றுப் பள்ளிக்கு ஒருவன் நவம்பரில் வருவான், இன்னொருவன் ஜனவரியில் வருவான், மார்ச்சில் காணாமல் போவான். புதன்கிழமைக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு பிரிவில் பதினொரு பேருக்குக் குறைவாக இருந்தால் முடிவை வெளியிடக் கூடாது. பிள்ளைகளின் அந்தரங்கம் காக்க வேண்டுமே, அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. நல்ல விதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எண்பது பேர் படிக்கும் பள்ளியை இனவாரியாக, மொழிவாரியாக, வகுப்புவாரியாகப் பிரித்தால் எந்தக் கட்டத்தில் பதினொரு பேர் நிற்பார்கள்? வரிசைக்கு வரிசை நட்சத்திரம். கணிதத்தில் எத்தனை பேர் தேறினார்கள்? நட்சத்திரம். கறுப்பினப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்? நட்சத்திரம். வளர்ப்பு இல்லத்துப் பிள்ளைகள்? நட்சத்திரம். ஒரு பள்ளி மாவட்டம் மனம் வைத்தால், தனக்குச் சங்கடமான பிள்ளைகளையெல்லாம் சின்னச் சின்னப் பள்ளிகளாகப் பிரித்து ஆகாயத்தில் ஏற்றிவிடலாம்.

'மாற்றுப் பள்ளி' என்று தனி அளவுகோல் கேட்டு விண்ணப்பிக்கும் பள்ளிக்கு அந்த மாநிலம் வைத்த நிபந்தனை இன்னும் அழகு. மாணவர்களில் 70 சதவீதமாவது 'அபாயத்தில் இருப்பவர்கள்' என்று காட்ட வேண்டும். யார் அவர்கள்? பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர், ஆண்டில் பத்து நாளுக்கு மேல் இடைநீக்கம் ஆனவர், கர்ப்பிணி, குழந்தை பெற்றவர், நீதிமன்றப் பொறுப்பில் இருப்பவர், வீடற்றவர், வளர்ப்புப் பெற்றோரிடம் இருப்பவர், கிரெடிட் குறைந்தவர். பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். நீக்கியது பள்ளி, இடைநீக்கம் செய்தது பள்ளி, கிரெடிட் கொடுக்காததும் பள்ளி. பெயர் மட்டும் பிள்ளைக்கு: 'அபாயம்'.

சின்னப் பள்ளிக்குக்கூட அனுப்பாமல் ஆளையே மறைத்த மேதைகளும் இருந்தார்கள். டெக்சாஸின் ஹூஸ்டனில் ஷார்ப்ஸ்டவுன் என்ற உயர்நிலைப் பள்ளி. 2001-02 கல்வியாண்டில் சுமார் 1,700 பேரில் 463 பேர் வெளியேறினார்கள். படிப்பை நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்று பள்ளியின் கணக்கு சொன்னது? பூஜ்யம். துணை முதல்வர் ராபர்ட் கிம்பல் இதை வெளியே சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது. மாநிலத் தணிக்கையாளர்கள் ஹூஸ்டனின் 16 பள்ளிகளில் சுமார் 5,500 பேரின் பதிவைத் தேடிப் பார்த்ததில் ஏறக்குறைய 3,000 பேரைப் படிப்பை நிறுத்தியவர்களாகக் காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை. இந்த ஹூஸ்டனின் 'அதிசய'த்தை முன்னே காட்டித்தான் அதன் கல்வித் தலைவர் ராட் பைஜ் 2001இல் நாட்டின் கல்வி அமைச்சரானார். அடுத்த ஆண்டு ஜனவரியில், 2014க்குள் நாட்டின் எல்லாப் பிள்ளையும் தேறியாக வேண்டும் என்ற சட்டத்தில் அதிபர் புஷ் கையெழுத்திட்டார். ஒரு பிள்ளையையும் பின்னால் விடமாட்டோம் என்பது அந்தச் சட்டத்தின் பெயர். பின்னால் விட்டால்தானே எண்ண வேண்டியிருக்கும், வெளியே விட்டுவிட்டார்கள்.

அதே டெக்சாஸின் எல் பாசோ நகரில் நடந்தது இதைவிடக் கொடூரம். மெக்சிகோ எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினால் பள்ளியின் மார்க் இறங்கும். ஆகவே சிலரை ஒன்பதிலேயே நிறுத்தி வைத்தார்கள், சிலரை ஒரே தாவலில் பதினொன்றுக்கு ஏற்றினார்கள், சிலரை வராதே என்று விரட்டினார்கள். ஊர்க்காரர்கள் இந்தப் பிள்ளைகளைக் 'காணாமல் போனவர்கள்' என்றே அழைத்தார்கள். மார்க் ஏறியதற்குக் கல்வித் தலைவர் லொரென்சோ கார்சியா போனஸ் வாங்கினார். 2012இல் அவருக்கு மூன்றரை ஆண்டு சிறை. கைதானவர்களை விரல் விட்டு எண்ணலாம். எண்ணிக்கையில்லாமல் போனவர்கள் பிள்ளைகள்.

இதைப் படித்துவிட்டு மாற்றுப் பள்ளிகளையே மூட வேண்டும் என்று யாராவது கிளம்பினால் அவர்களுக்கும் ஒரு குட்டு. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் பிளாக் ராக் என்ற தொடர் பள்ளி இருக்கிறது. 'தி பேட் கிட்ஸ்' என்ற 2016ஆம் ஆண்டு ஆவணப்படம் அதைப் பற்றியது. வீட்டில் போதை, கையில் குழந்தை, தலைக்கு மேல் கூரையில்லை என்ற நிலையில் வரும் பிள்ளைகளை ஒவ்வொரு கிரெடிட்டாக ஏற்றிவிட அதன் முதல்வரும் ஆசிரியர்களும் படும் பாட்டை அதில் பார்க்கலாம். ஒரு பெண் தினமும் பள்ளிக்கு வந்தாள் என்பதே அங்கே ஒரு சாதனை. அதை எழுதத் தேர்ச்சி விகிதத்தில் ஒரு கட்டம் கிடையாது. வேலை செய்கிற இடத்துக்குத் தோல்விப் பட்டம், வேலையைத் தள்ளிவிட்ட இடத்துக்கு 'ஏ'. என் கோபம் இதில்தான்.

இனி நம் ஊர். நமக்கு மாற்றுப் பள்ளி என்று தனிக் கட்டடம் தேவைப்படவில்லை, டி.சி. என்ற ஒரு தாள் போதுமானதாக இருக்கிறது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக் கூடாது, ஆகவே பல தனியார் பள்ளிகளில் ஒன்பதில் வடிகட்டுகிறார்கள். பெற்றோரைக் கூப்பிட்டு, 'உங்க பையன் இங்க ரொம்ப சிரமப்படுறான், அரசுப் பள்ளியில சேர்த்தா அவனுக்கே நல்லது' என்று பரிவோடு சொல்வார்கள். பரிவுக்குக் கட்டணம் இல்லை. ஐந்தாறு ஆண்டு வாங்கிய ஃபீஸைத் திருப்பித் தருவதும் இல்லை. அடுத்த மே மாதம் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ்: பத்தாம் வகுப்பில் 100 சதவீதத் தேர்ச்சி. 2017இல் தமிழக அரசு முதல் மூன்று இடம் அறிவிப்பதை நிறுத்தியது, நல்ல காரியம். ஃபிளெக்ஸ் நிற்கவில்லை. அந்தப் பையன் அரசுப் பள்ளியில் தோற்றால் 'அரசுப் பள்ளி என்றாலே இப்படித்தான்' என்று சொல்பவர்களில் அவனை அனுப்பி வைத்தவரும் ஒருவராக இருப்பார்.

ஆகவே உங்கள் பிள்ளைக்குப் பள்ளி தேடும்போது, ஆர்லாண்டோவானாலும் ஆத்தூரானாலும், விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கடைசித் தேர்வுவரை இங்கேயே படித்தார்கள், மீதிப் பேர் இப்போது எங்கே என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லாத பள்ளியில் ஃபீஸ் கட்டாதீர்கள்.