பெட்டி வந்தால்தான் பாடம்

1980களின் நடுவில், தான்சானியாவின் இரிங்காவில் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டுமென்றால், முதலில் டார் எஸ் சலாம் துறைமுகத்தில் கப்பல் வந்ததா என்று விசாரிக்க வேண்டும். பாடம் கப்பலில்தான் வந்தது. இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரிலிருந்து ‘டால்க்’ என்ற அமைப்பு அனுப்பும் பெட்டி. நைஜீரியக் கிராமங்களில் குழந்தை வைத்தியம் பார்த்த டேவிட் மார்லி 1965ல் தொடங்கிய அமைப்பு அது. குழந்தையின் எடையை மாதாமாதம் அட்டையில் குறித்து, அந்த அட்டையைத் தாயின் கையிலேயே கொடுத்துவிடும் வழக்கத்தைப் பரப்பியவரும் அவர்தான். புத்தகம், அட்டை, ஸ்லைடு எல்லாம் மலிவு விலை. இன்னும் மலிவாக வேண்டுமா? ஸ்லைடுகளை வெட்டிச் சட்டத்தில் மாட்டும் வேலையை நாமே பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் எப்போதும் இந்த இரண்டாவது ரகம்.

ஒரு தொகுப்புக்கு 24 படம். ராத்திரி உட்கார்ந்து கத்தரித்து மாட்டி, காலையில் புரொஜெக்டரை வைத்தால் கரண்ட் இருக்காது. அப்புறமென்ன, ஸ்லைடை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மாணவிகள் வரிசையில் வந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, ஓர் அங்குலக் குழந்தையின் வீங்கிய பாதத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு படத்தை வகுப்பு முழுக்கப் பார்த்து முடிக்க அரை மணி ஆகும். அந்த அரை மணியில், பார்த்துவிட்டுப் போனவர்கள் தங்கள் ஊரில் அப்படி ஒரு குழந்தை இருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். உண்மையான வகுப்பு அந்த வரிசையில்தான் நடந்தது.

கணவருக்கு அங்கே வேலை கிடைத்ததால் மதுரையிலிருந்து போனவள் நான். செவிலியர் பயிற்சியில் அனுபவம் இருந்ததால் எனக்கும் ஒரு பயிற்சி மையத்தில் வேலை கொடுத்தார்கள். அங்கே டீச்சரை ‘ம்வாலிமு’ என்பார்கள். ஜனாதிபதியாக இருந்த ஜூலியஸ் நியரேரேயையும் நாடே அப்படித்தான் கூப்பிட்டது என்பதால், யாராவது என்னை அப்படி அழைத்தால் கொஞ்ச நேரம் முதுகு நிமிர்ந்திருக்கும்.

தட்டுப்பாட்டுக் காலம். சோப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது, நோட்டுப் புத்தகம் கிடையாது. இத்தனைக்கும் எங்கள் இரிங்கா மாகாணத்திலேயே, முஃபிண்டி மாவட்டத்தின் ம்கொலொலோவில், நாட்டின் பெரிய காகித ஆலை அப்போதுதான் உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. சைக்ளோஸ்டைல் எடுக்கத் தாள் கேட்டு எழுதினால், கேட்ட கடிதத்தின் பின்பக்கத்திலேயே ‘இல்லை’ என்று எழுதி அனுப்புவார்கள். சிக்கனத்தில் அந்த அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது.

வயிற்றுப்போக்குப் பாடம் இன்னும் விசேஷம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு தப்பக்கூடாதென்று டால்க்காரர்கள் ஒரு முனையில் சர்க்கரைக்கும் மறு முனையில் உப்புக்குமாக இரட்டைத் தலை பிளாஸ்டிக் கரண்டியே செய்து அனுப்பினார்கள். கரண்டி வந்தது. சர்க்கரைதான் கடைக்கு வரவில்லை. கடைசியில் உப்புப் போட்ட நீர்த்த கஞ்சியைச் சொல்லிக்கொடுத்தோம். அதுவும் வேலை செய்யக்கூடியதே. அந்தக் கரண்டிகளைப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

புத்தகம் வகுப்புக்கு ஒன்று. மாரிஸ் கிங்கும் மற்றவர்களும் எழுதி 1972ல் வந்த சத்துணவுப் பாடநூல் ஒன்று. டேவிட் வெர்னரின் ‘டாக்டர் இல்லாத இடத்தில்’ நூலின் சுவாஹிலிப் பதிப்பு இன்னொன்று. இரண்டாவது புத்தகம் எப்போதும் மையத்தில் இருக்காது. யாரோ ஊருக்கு எடுத்துப் போயிருப்பார்கள். திரும்பி வரும்போது பிரசவப் பக்கங்களில் எண்ணெய்க் கறை இருக்கும். நூலகப் பதிவேட்டில் இதைச் ‘சேதம்’ என்று எழுதச் சொன்னார்கள்.

எல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. சுவரொட்டிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். முட்டை, இறைச்சி, பால், மீன் என்று புரதப் பட்டியல். பக்கத்தில் ஆப்பிள் கன்னத்தோடு ஒரு குழந்தை. ஆப்பிரிக்கக் குழந்தைக்குப் புரதம்தான் குறைவு என்று உலக நிறுவனங்கள் இருபது வருடம் சாதித்தன. அது பெரிய கோளாறு என்று டொனால்ட் மெக்லாரன் 1974லேயே ‘லான்செட்’ இதழில் எழுதிவிட்டார். அந்தச் செய்தி மட்டும் எங்கள் சுவருக்கு வந்து சேரவில்லை. குழந்தைக்குக் குறைவாக இருந்தது சாப்பாட்டின் அளவு. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு நாளில் சாப்பிடும் தடவை. சிறிய வயிறு. கஞ்சியோ தண்ணீர் மாதிரி. கெட்டியாகக் காய்ச்சினால் குழந்தையால் விழுங்க முடியாது. நீர்க்கக் காய்ச்சினால் வயிறு நிறையும், உடம்பு தேறாது.

இதற்குத் தான்சானியாவின் உணவு மற்றும் சத்துணவு மையம் ஒரு வழி சொன்னது. சோளத்தையோ கேழ்வரகையோ முளைகட்டி, காயவைத்து, மாவாக அரைத்து, கெட்டிக் கஞ்சியில் ஒரு கரண்டி போட்டுக் கிளறினால், கஞ்சி தானாக இளகிவிடும். சத்து அப்படியே இருக்கும். முளையில் உண்டாகும் அமைலேஸ் மாவுச்சத்தை உடைப்பதுதான் காரணம். ‘கிமேயா’ என்று பெயர். இதை ஒரு புதிய தொழில்நுட்பமாக நான் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகுதான் ஒருத்தி சொன்னாள்: அவர்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து பீர் காய்ச்சுவதே அந்த முளைமாவில்தான். கேழ்வரகை முளைகட்டத் தெரியும் என்று நானும் மதுரைப் பெருமை பேசப் பார்த்தேன். கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து நமக்கு வந்த தானியம். யாருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

இரிங்கா அப்போது உலகப் புகழ் பெற்றுக்கொண்டிருந்தது என்பது எங்களுக்கே தெரியாது. யூனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், இத்தாலி அரசின் பணம். 1983ல் தொடங்கிய திட்டம், 168 கிராமங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிராம சுகாதார நாள். மரக்கிளையில் சால்ட்டர் தராசைத் தொங்கவிட்டு, குழந்தையைக் கால்சட்டைப் பையில் மாட்டி நிறுப்பார்கள். அட்டையில் பச்சை, சாம்பல், சிவப்பு. சிவப்பில், அதாவது கடும் எடைக்குறைவில், இத்தனை குழந்தைகள் என்று அதே மரத்தடியில் கூட்டத்துக்குப் படித்துக் காட்டுவார்கள். ஏன் என்று ஊரே பேசும். ஒரு கூட்டத்தில், அறுவடை மாதங்களில் குழந்தை இளைப்பது எதனால் என்று கேட்டதற்கு, ஒரு கிழவி எழுந்து, அம்மா விடிந்தால் வயலுக்குப் போய்விட்டுப் பொழுது சாய்ந்து வருகிறாள், குழந்தைக்கு யார் அடுப்பு மூட்டுவது என்றாள். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். சில ஊர்களில் குழந்தைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு கஞ்சி ஊற்றும் ஏற்பாடு செய்தார்கள். கடும் எடைக்குறைவு சில வருடங்களில் நன்றாகக் குறைந்தது. யூனிசெஃப் 1990ல் வெளியிட்ட சத்துணவுக் கொள்கையின் அடிப்படை வரைபடம் இரிங்கா அனுபவத்தில் விளைந்தது. அதே வருடங்களில் நம் தமிழ்நாட்டில் உலக வங்கிக் கடனில் நடந்த ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டத்தையும் இதையும் சேர்த்துத்தான் வெற்றிக்கதை என்று உலகம் எழுதியது. மதுரையில் விட்டுவந்த தராசை இரிங்காவில் பிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நடுவில் வந்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990களில் டாக்டர்களுக்கு மின்னஞ்சல் சுமந்துபோகவே தனிச் செயற்கைக்கோள்கள் பறந்தன. 1996ல் நோயுற்ற குழந்தையைப் பார்க்கும் ஒருங்கிணைந்த முறை வந்தது. பயிற்சி 11 நாள். ஒரே ஆள் வேலை செய்யும் டிஸ்பென்சரி 11 நாள் பூட்டிக் கிடக்கும். 2001ல் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது ஆறு மாதம் என்று முடிவாயிற்று. 2006ல் குழந்தையின் அட்டையில் வரையும் வளர்ச்சிக் கோடுகள் மாறின. 2009ல், குழந்தை எவ்வளவு இளைத்திருக்கிறது என்று மேற்கையைச் சுற்றி அளக்கும் நாடாவின் சிவப்பு எல்லை 110 மில்லிமீட்டரிலிருந்து 115 ஆனது. முந்தைய சுவரொட்டியின் பசை காயும் முன்பே அடுத்தது வந்துவிடும். மாற்றங்கள் எல்லாமே நியாயமானவை. பழைய சுவரொட்டியைக் கிழிக்க மட்டும் எந்தத் திட்டத்திலும் நிதி ஒதுக்கவில்லை.

சமீபத்தில் ஒரு பழைய மாணவியின் மகள் கல்யாணத்துக்காக இரிங்கா போனேன். மாணவி இப்போது ஒரு மாவட்டத்தின் சத்துணவு அதிகாரி. “ஷிகாமூ, ம்வாலிமு” என்று வணங்கிவிட்டு, தன் அலுவலகத்தைக் காட்டினாள். இரும்பு அலமாரி முழுக்கக் கையேடுகள். வழவழப்புத் தாள், அட்டையின் அடியில் வரிசையாக ஏழெட்டு நிறுவன முத்திரைகள். பாதி இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தன.

“படிக்கிறாயா?” என்றேன்.

“இது காட்சிக்கு, ம்வாலிமு. படிப்பதெல்லாம் இதில்” என்று போனை எடுத்தாள். வாட்ஸ்அப் குழுக்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒன்றில் ஒரு பி.டி.எஃப்., 200 பக்கம். கீழே நாற்பது கட்டைவிரல். திறந்து பார்த்தது யார் என்று கேட்டேன். கட்டைவிரல் போட அதைத் திறக்கத் தேவையில்லையாம்.

குறை சொல்லக் கூடாது. 2012ல் தொடங்கிய ஓர் இலவசக் குறுஞ்செய்தித் திட்டம் கர்ப்பிணிகளின் போனுக்கே சுவாஹிலியில் வாரந்தோறும் யோசனை சொன்னது. ஜன்னல் வெளிச்சத்தில் ஸ்லைடு பிடித்தவளுக்கு அது மாயம்தான். இணையவழிப் படிப்பு முடித்தால் வண்ணச் சான்றிதழ் உடனே வருகிறது. மாணவியின் கோப்பில் அப்படி ஒரு கட்டு இருக்கிறது.

நேரில் நடக்கும் பயிற்சிகளுக்கும் பஞ்சமில்லை. ஹோட்டல் அரங்கம், தோள்பை, தொப்பி, இரண்டு வேளை டீ. எல்லாவற்றுக்கும் மேலாக ‘போஷோ’, அதாவது படி. சம்பளம் இழுபறியாக வரும் நாட்டில் படியை யாரும் தப்பாகச் சொல்ல முடியாது. அதே சத்துணவுப் பாடத்தை வேறு வேறு நிறுவனங்களுக்காக வேறு வேறு ஹோட்டல்களில் அவள் கேட்டிருக்கிறாள். “இப்போது நானே எடுப்பேன், ஆனால் எடுப்பவர் டார் எஸ் சலாமிலிருந்துதான் வர வேண்டும்” என்று சிரித்தாள்.

கல்யாணத்துக்கு மறுநாள் அவளோடு ஒரு கிராமத்துக் கிளினிக் போனேன். சுவரில் வளர்ச்சிக் கோடுகளின் புது விளக்கப்படம். மேஜையில் டேப்லெட், எடையை அதில்தான் பதிய வேண்டும். எலக்ட்ரானிக் தராசில் பேட்டரி தீர்ந்து எத்தனையோ நாளாயிற்று. பதிவு மட்டும் நிற்கவில்லை. போன மாத எடையோடு கொஞ்சம் கூட்டிப் போட்டுவிடுவதாக நர்ஸ் சங்கடமில்லாமல் சொன்னாள். மேலிடத்தில் வரைபடம் அழகாக ஏறுகிறதாம். எங்கள் சால்ட்டர் தராசுக்குப் பேட்டரி கிடையாது, ஸ்பிரிங்தான். அது எங்கே என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

இரிங்கா நாட்டின் தானியக் களஞ்சியங்களில் ஒன்று. மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, அவரை, தேயிலை எல்லாம் விளையும். 2022 தேசிய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் நாடு முழுவதும் சுமார் 30 சதவீதம். இரிங்காவில் சுமார் 57. தான்சானியாவிலேயே இதுதான் அதிகம். நாங்கள் எடையை மட்டும் நிறுத்து, எடைக்குறைவைக் குறைத்துக் காட்டி, உலகத்திடம் கைதட்டல் வாங்கிய அதே இடம். உயரத்தை அந்த மரத்தடியில் யாரும் அளக்கவில்லை. கிழவி கேட்ட அடுப்புக் கேள்விக்கு எந்தக் கையேட்டிலும் பதில் தேடிப் பார்த்தேன்; ‘ஒரு நாளில் நான்கைந்து தடவை ஊட்டவும்’ என்று எல்லாவற்றிலும் அச்சிட்டிருக்கிறார்கள். தாய் இன்னும் பொழுது சாய்ந்துதான் வருகிறாள்.

இந்த வேலைக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிற நம் பிள்ளைகள் இன்னமும் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். பென் டிரைவில் பாடம் நிரப்பிக்கொண்டு போக வேண்டாம். அங்கே நிறைய இருக்கிறது. தராசுக்குப் பேட்டரியும், உயரம் அளக்க ஒரு பலகையும் கொண்டுபோங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் மாதம் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.